இன்னுமொரு கால் சுற்று

உங்கள் ஆஸ்பத்திரித் தாளில் நான்கு கோடுகள்தான் போட்டிருக்கிறது, டாக்டர். என் கையெழுத்து கொஞ்சம் பெரிது. அதனால் தனித்தாளில் எழுதுகிறேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தாளில் இரண்டு கேள்விகள். நோயாளிக்குக் கை நடுக்கம் எப்போது தொடங்கியது? குடும்பத்தில் அதை முதலில் கவனித்தவர் யார்?

இரண்டாவது சுலபம். நான்தான். நோயாளி பகவதிப்பெருமாள் என் அக்கா உலகம்மாளின் கணவர். வயது ஐம்பத்துமூன்று. திருவனந்தபுரம் பழவங்காடியில் பல் டாக்டராக இருந்தார். க்ளினிக்கை மூடி நான்கு வருஷம் ஆகிறது. என் பெயர் தாணு. வயது நாற்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடங்களுக்குப் பாடப்புத்தகம் அச்சடிக்கும் ஓரிடத்தில் பிழைதிருத்துபவன். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர்களுடைய தவறுகளைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் காட்டிச் சாப்பிடுகிறேன். ஸ்ரீவராகத்தில் அத்தான் வீட்டு மாடியறையில் இருப்பு. அக்கா சமைப்பாள், நான் கீழே இறங்கி வந்து சாப்பிடுவேன். என் வாழ்க்கை வரலாற்றை யாராவது எழுதினால் இத்தனை வரிதான் வரும். பிழைதிருத்தவும் அதிக நேரம் பிடிக்காது.

இனி முதல் கேள்வி. நடுக்கம் தொடங்கியது 1997-ஆம் வருஷம், ஓணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து இருபதுக்கு. இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் நான்கு கோடு போதாமல் போயிற்று.

அந்த வருஷம் அத்தான் பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார். உள்ளே ஒரு ரேடியோ கன்ட்ரோல் கார். எண்பத்துநாலில் அவருடைய அண்ணன் பஹ்ரைனிலிருந்து கொண்டுவந்தது, ஜப்பானில் செய்தது. முழங்கை நீளம் இருக்கும். கையில் ஆண்டெனா வைத்த பெட்டியைப் பிடித்துக்கொண்டு இங்கே விசையைத் திருப்பினால் அங்கே கார் திரும்பும். அத்தான் அதை ஸ்ரீவராகம் குளத்தைச் சுற்றி ஓட்டுகிற காலத்தில் குளிக்க வந்தவர்கள் ஈரத்துணியோடு நின்று பார்ப்பார்களாம். ஒருநாள் ஓடையில் தலைகுப்புற விழுந்தது. அதோடு பரணுக்குப் போய்விட்டது. பதின்மூன்று வருஷம் கழித்து, நாற்பத்தாறு வயதில், அதை மறுபடியும் ஓடவைக்க வேண்டும் என்று அத்தானுக்கு ஆசை வந்தது. அந்த வயதில் ஆண்களுக்கு வரக்கூடிய ஆசைகளில் இது உத்தமம் என்று அக்கா சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரம் முடிந்ததும் சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து உட்காருவோம். அவர் வேலை செய்வார். நான் டார்ச் பிடிப்பேன். முப்பத்தொன்பது வயதில் எனக்குக் கிடைத்த பதவி அது.

திருகுகளைப் பற்றி நீங்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இரும்பில் என்றால் துளைக்குள் மரை முன்பே வெட்டியிருக்கும். இந்தக் காரின் உடம்பு பிளாஸ்டிக். அதில் இருப்பது மரை இல்லாத மொழுக்கைத் துளை. திருகு தன் மரையைத் தானே வெட்டிக்கொண்டு இறங்கும். பிளாஸ்டிக் அதற்கு இடம் கொடுக்கும். ஆனால் முழுதும் இறுகிய பிறகு இன்னும் ஒரு கால் சுற்று முடுக்கினால், வெட்டிய மரை உள்ளேயே உதிர்ந்துவிடும். திருகு சட்டென்று லேசாகிச் சும்மா சுற்ற ஆரம்பிக்கும். கைக்கு அது தெரிவதற்குள் காரியம் முடிந்திருக்கும். புத்தி பேதலித்தவனைத் தமிழில் மரை கழண்டவன் என்கிறோம். மலையாளத்தில் நீங்களும் பிரி லூஸ் என்றுதான் சொல்கிறீர்கள். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பாஷைக்கும் சண்டை இல்லை.

காரைக் கழற்றிப் பார்த்தபோது ஒன்பது துளைகளில் மரை போயிருந்தது. ஓடையும் காலமும் செய்த வேலை. அத்தான் கவலைப்படவில்லை.

"பல்லுக்குச் சிமெண்டு வைக்கமாட்டமா, அதே கணக்குத்தான்டே. மொதல்ல சொத்தைய வழிச்செடுக்கணும். பொறவு அடைக்கணும். பொறவு அளவா தொளைக்கணும்" என்றார்.

துளையைச் சுரண்டிச் சுத்தம் செய்வார். அதே ஜாதிப் பிளாஸ்டிக் குச்சியைச் சீவி உள்ளே செருகுவார். மிச்ச இடைவெளியில் அக்காவின் அடுக்களையிலிருந்து எடுத்த ஆப்பசோடாவை ஒரு சிட்டிகை தூவி, மேலே ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விடுவார். மெல்லிய புகை எழும்பும். அவ்வளவுதான், கல்லாகிவிடும். பிறகு பல் துளைக்கிற நுனியைக் கையாலேயே உருட்டி, நடுவில் நேராகத் துளையிடுவார். டார்ச் வெளிச்சத்தில் அந்த விரல்களை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தூசு அசைவு இருக்காது. மேசையில் வைத்த டம்ளர் தண்ணீர்கூட அதைவிட அதிகமாக அசையும். அவருடைய க்ளினிக்கில் வாயைத் திறந்து படுத்தவர்கள் சிலர் தூங்கிப்போவார்கள் என்று சொல்வதுண்டு. பொய்யில்லை. நானே தூங்கியிருக்கிறேன்.

ஓணத்துக்கு முந்தின அந்த ஞாயிறு போன் அடித்தது. அத்தான் எழுந்து உள்ளே போனார். கியர்ப்பெட்டி மூடியில் நான்கு திருகுகள். மூன்றை முடுக்கியிருந்தார். நான்காவதும் ஏறக்குறைய இறங்கிவிட்டது. டார்ச் பிடிப்பவன் ஏன் டார்ச்சைக் கீழே வைத்தான் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. திருப்புளியை எடுத்தேன். முடுக்கினேன். இறுகியது. நன்றாக இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம். சட்டென்று லேசாகியது.

திருப்புளியை இருந்த இடத்தில், இருந்த சாய்வில் வைத்தேன். டார்ச்சை எடுத்துக்கொண்டேன்.

அத்தான் வந்தார். திருகைத் தொட்டார். அது சும்மா சுற்றியது.

"ச்சே. நாந்தான் கூடுதலா முடுக்கிட்டேன் போலிருக்கு" என்றார்.

'இல்ல அத்தான், நான்' என்றால் மூன்று சொல். சொல்லியிருக்கலாம். வாயில் அப்போது உளுந்தவடை இருந்தது என்பதும் உண்மைதான். அதை மென்று விழுங்குவதற்குள் அவர் தன் வலது கையைத் திருப்பி, விரல்களை விரித்து, ஒரு கணம் பார்த்துவிட்டார். அதற்குமுன் அவர் தன் கையை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது. உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் விடை.

அடுத்த ஞாயிறு திருப்புளியை என் பக்கம் நகர்த்தினார்.

"இந்த ஒண்ண நீ அடைச்சுப் பாரு தாணு. எனக்கு என்னமோ கை சரியா வரல்ல."

நான் அடைத்தேன். சுமாராக வந்தது. "பரவாயில்லயே, உனக்கும் கை இருக்கு" என்றார். நாற்பதை நெருங்குகிற ஒருவனிடம் உனக்கும் கை இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. நான் மாடிக்குப் போய் வெகுநேரம் சந்தோஷப்பட்டேன்.

அதன்பிறகு நேர்ந்தது ஒரு நடைமுறைச் சிக்கல்தான். வேலை பழக வேண்டும் என்றால் கெட்ட துளைகள் வேண்டும். ஒன்பதும் தீர்ந்துபோயின. அத்தான் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போவார், நாற்பது நிமிஷம் ஆகும். குளித்து வந்ததும் தான் முடுக்கிய திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிபார்ப்பது அவர் வழக்கம். அந்த நாற்பது நிமிஷத்தில் நான் ஒரு திருகுக்கு ஒரு கால் சுற்றுக் கொடுத்துவிடுவேன். அதற்குமேல் போனதில்லை. ஒரே ஞாயிறில் இரண்டு திருகைத் தொட்டதும் அபூர்வம். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் அளவு தெரியாதவன் இல்லை.

தலை ஈரத்தைத் துவட்டிக்கொண்டே வந்து தொடுவார். திருகு சுற்றும். திருப்புளியை என் பக்கம் நகர்த்துவார். பிறகு நான் சுரண்டி, அடைத்து, துளைத்துக் கொடுப்பேன். என் வேலை நாளுக்கு நாள் மெருகேறியது. ஆறாவது மாதத்தில் அவர் டார்ச் பிடித்தார், நான் வேலை செய்தேன். கடைசியில் திருகை முடுக்குவது மட்டும் அவர் கையில் இருந்தது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிற பழமொழி நான்காம் வகுப்புப் பாடத்தில் வருகிறது. வருஷாவருஷம் அதன் மெய்ப்பு என் மேசைக்கு வரும். எறும்பு அதைப்பற்றி என்ன நினைக்கும் என்று யாரும் கேள்வி வைத்ததில்லை. தான் சும்மா நடப்பதாகத்தான் எறும்பு நினைத்துக்கொண்டிருக்கும்.

1999 மே மாதம் மஸ்கட்டிலிருந்து கடிதம் வந்தது. அங்கே ஒரு பெரிய பல் ஆஸ்பத்திரியில் அத்தானுக்கு வேலை. குடும்பத்தோடு இருக்கலாம், வீடு தருவார்கள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் பார்த்த வெளியூர் நாகர்கோவிலும் திருச்செந்தூரும்தான். அன்று மாலையே சாலை பஜாருக்குப் போய்ச் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கி வந்தாள். கூடத்தில் அதை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு உருட்டிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"நீ என்னடே செய்வ? சாப்பாட்டுக்கு?"

"மெஸ்ல சாப்பிட்டுக்கிடுவேன். பழவங்காடில ஹோட்டலுக்கா பஞ்சம்?"

"வீட்ட நீதானே பாத்துக்கிடணும். லீவுக்கு வருவோம்லா."

"சந்தோஷமா போயிட்டு வாங்கக்கா. என்னப் பத்தி யோசிக்காண்டாம்."

மனசாரத்தான் சொன்னேன். அந்தப் பயணத்துக்கும் நான் செய்ததற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அந்த மே, ஜூன் இரண்டு மாதத்தில் பதினொரு துளைகள் கெட்டன என்பது தற்செயல். வெயில் காலத்தில் பிளாஸ்டிக் இளகும்.

அதே ஜூனில்தான் நடுக்கம் என்கிற சொல்லை நான் முதன்முதலாக வாயால் சொன்னது. அத்தான் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். டவராவில் டம்ளர் லேசாக இடித்துச் சத்தம் கேட்டது. எல்லார் வீட்டிலும் கேட்கிற சத்தம்.

"அத்தான், கை ஏதாச்சும்..." என்றேன். "இல்ல, ஒண்ணுமில்ல."

பிழைதிருத்துகிறவனுக்கு ஒரு விஷயம் தெரியும். இருக்கிற தவறைவிட விடுபட்ட சொல்தான் படிக்கிறவனை அதிகம் படுத்தும். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "என்னது, சொல்லு" என்றார்.

"ஒண்ணுமில்ல அத்தான். லேசா நடுங்குகாப்ல இருந்துது. அசதியா இருக்கும்."

அதற்குமேல் நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அன்று முதல் அவர் காப்பியை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்க ஆரம்பித்தார்.

ஆகஸ்டில் ஆவுடைத்தாய் வந்தாள். பழவங்காடி ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவள், சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. கடைவாய்ப் பல்லில் சொத்தை. அத்தான் துளைத்துக்கொண்டிருந்தவர் பல்லைப் பார்க்காமல் தன் விரலைப் பார்த்தார். ஓடுகிற நுனி வழுக்கி அவள் நாக்கின் ஓரத்தைக் கிழித்துவிட்டது. இருபத்தைந்து வருஷத்தில் அவர் கையால் சிந்திய முதல் வேண்டாத ரத்தம். நான்கு தையல். தையலைப் போட வேறொரு டாக்டரை வரவழைத்தார். தன் கையை அவர் நம்பவில்லை.

ஆவுடைத்தாய் சண்டை போடவில்லை. வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே, "சாரமில்ல டாக்டரே" என்று, பரவாயில்லை என்கிற அர்த்தத்தில், ஏதோ அந்த மாதிரி சொன்னாளாம். இந்த ஊருக்கு வந்து பத்து வருஷம் ஆன தமிழர்கள் எல்லாரும் மன்னிப்பை மலையாளத்தில்தான் சொல்கிறோம். இப்போது அதே ஹோட்டலில் பரிமாறுகிறாள். அவளுக்கு 'ர' சரியாக வராது. ரசம் என்று கேட்டால் அவள் உள்ளே திரும்பிச் சொல்வது வேறு என்னவோ. வியாழக்கிழமைகளில் நான் அங்கேதான் மத்தியானச் சாப்பாடு. உச்சரிப்புப் பிழை காதில் விழுந்தால் வட்டம் போட என் கை பரபரக்கும். இந்த ஒரு பிழையை மட்டும் கேட்டுக்கொண்டு சும்மா சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

அன்று சாயங்காலம் அத்தான் க்ளினிக்கின் ஷட்டரை இறக்கினார். அப்புறம் ஆறேழு மாதம் பெயருக்குத் திறந்து மருந்துச்சீட்டு எழுதிக்கொடுத்ததோடு சரி. பிறகு ஒரேயடியாக மூடிவிட்டார். நோயாளி படுக்கிற நாற்காலியை நாகர்கோவிலிலிருந்து ஒரு டாக்டர் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். மஸ்கட்டுக்கு வர இயலாது, உடல்நிலை சரியில்லை என்று அத்தான் கடிதம் எழுதினார். என்னிடம் காட்டினார். இங்கிலீஷில் இரண்டு எழுத்துப்பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

அக்கா சக்கரப் பெட்டியைப் பரணில் வைத்தாள். அதற்குள் குளிர்காலக் கம்பளிகள் இருக்கின்றன. திருவனந்தபுரத்தில் கம்பளி எதற்கு என்று நான் கேட்கவில்லை. மஸ்கட்டிலும் எதற்கு என்று அவளுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அதன்பிறகு டாக்டர்கள். உங்களுக்கு முன்னால் மூன்று பேர். யாரும் எதையும் நிச்சயமாகச் சொல்லவில்லை. 'நடுக்குவாதத்தின் ஆரம்பமாக இருக்கலாம்' என்று ஒருவர் மாத்திரை எழுதினார். அந்த மாத்திரை நடுக்கத்தைத் தவிர அத்தானிடம் மற்ற எல்லாவற்றையும் மாற்றியது. சாப்பாடு வாந்தியாகும். உட்கார்ந்தபடியே தூங்குவார். பகலிலேயே கனவு கண்டு, மேசையில் பல் பல்லாகக் கிடக்கிறது, பொறுக்கு என்பார். பதினாலு கிலோ எடை குறைந்தது. இதில் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய ஆச்சரியம் ஒன்று உண்டு. அவருக்குக் கை உண்மையிலேயே நடுங்க ஆரம்பித்திருந்தது. எல்லாரும் பார்த்தார்கள். நான் கெடுத்தது பிளாஸ்டிக்கை மட்டும்தான்.

அக்கா பழவங்காடிப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டாள். அவளுக்குத் தோள் வலி. அத்தானுக்குக் கை ஆகாது. ஆகவே நான்தான் உடைத்தேன். அறுபதுக்கு மேல் எனக்கே கை நடுங்கியது. பக்கத்தில் வரிசையில் நின்ற ஒரு அம்மாள், "யாருக்கு வேண்டி இத்தனை?" என்று மலையாளத்தில் கேட்டாள். அத்தானுக்கு என்றேன். "இங்ஙனொரு அளியன் கிட்டணும்" என்று தன்னோடு வந்தவளிடம் சொன்னாள். இப்படி ஒரு மைத்துனன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டுமாம். பிள்ளையார் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு இதைவிட மோசமான முகங்களையும் பார்த்துப் பழக்கம் இருக்கும்.

கார் 2001 ஜனவரியில் முடிந்தது. அடைத்த துளைகள் மொத்தம் நாற்பத்திரண்டு. அதில் ஒன்பதுதான் ஓடையும் காலமும் செய்தவை. சில துளைகளை இரண்டு முறையும் மூன்று முறையும் அடைத்திருக்கிறேன். புத்தரிக்கண்டம் மைதானத்துக்கு ஒரு காலையில் கொண்டுபோனோம். அத்தான் கன்ட்ரோல் பெட்டியை வாங்கிப் பார்த்தார். ஆண்டெனா நுனி காற்றில் கோலம் போட்டது. கார் நேராகப் போகாமல் பாம்பு மாதிரி நெளிந்து ஒரு கல்லில் இடித்து நின்றது.

"நீ ஓட்டு தாணு. நான் பாக்கேன்."

நான் ஓட்டினேன். என்ன ஓட்டம் என்கிறீர்கள். புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு வட்டம், இரண்டு வட்டம். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அத்தான் கைதட்டினார். தட்டும்போது அவர் கை நடுங்குகிறதா என்று தெரியாது. எல்லார் கையும் அப்போது ஒரே மாதிரிதான் இருக்கும். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு திருகாகப் பார்த்தேன். நாற்பத்திரண்டில் ஒன்றுகூடத் தளரவில்லை. அந்த அளவுக்கு நல்ல வேலையை என் வாழ்நாளில் நான் வேறெதிலும் செய்ததில்லை.

அந்த மூன்று சொல்லை அன்று சொல்லியிருக்கலாம். உளுந்தவடைகூட அப்போது வாயில் இல்லை. ஆனால் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. நாற்காலி போய்விட்டது. மஸ்கட்டில் வேறு ஆள் சேர்ந்திருப்பார். அத்தானுக்குச் சட்டைப் பொத்தான் போடுவது, சவரம் செய்துவிடுவது, மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக்கொடுப்பது எல்லாம் என் பொறுப்பாகியிருந்தது. மெய்ப்பில் பிழையைத் திருத்தலாம். புத்தகம் அச்சாகிப் பிள்ளைகள் கைக்குப் போனபிறகு, அதுதான் பாடம்.

இப்போது உங்களைப் பற்றி. போன மாதம் பெரிய டாக்டர் ஆபரேஷன் பேச்சை எடுத்தார். மாத்திரை கேட்காவிட்டால் மண்டையில் சின்னதாகத் துளைபோட்டு ஒரு கம்பியை இறக்கிப் பார்க்கலாம் என்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் மட்டும், "தொளை எத்தன மில்லி சார்?" என்று கேட்டுச் சிரித்தார். பல் டாக்டர் இல்லையா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. துளை போடுவது பெரிய காரியமில்லை, டாக்டர். அந்தப் பொருள் பிளாஸ்டிக்காக இருந்தால் அடைத்துவிடவும் செய்யலாம்.

போன வெள்ளிக்கிழமை நீங்கள் அத்தானைத் தனியாகப் பரிசோதித்தீர்கள். ஷிஜா டாக்டர் என்று பெயர்ப்பலகை பார்த்தேன். வயது முப்பதுகூட இருக்காது என்று தோன்றியது. இடது கையால் மேசையில் தாளம் போடச் சொன்னீர்கள். நூறிலிருந்து ஏழேழாகக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னீர்கள். அத்தான் தொண்ணூற்றுமூன்று, எண்பத்தாறு என்று கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். மடியில் கிடந்த வலது கை அப்படியே அடங்கிப்போயிற்று. நீங்கள் அதைப் பார்த்தீர்கள். கதவோரம் நின்று நானும் பார்த்தேன். நீங்கள் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "நோயே இல்லாமலும் கை இப்படி நடுங்கும். திங்கட்கிழமை மீட்டிங்குக்கு முன்னாடி வீட்டுக்காரங்க யாராவது விவரமா எழுதிக் கொடுங்க" என்று சொல்லி இந்தத் தாளைத் தந்தீர்கள். தமிழில் எழுதினாலும் படிப்பேன் என்றீர்கள்.

மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். பஸ்ஸில் வரும்போதே எழுதிக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். ஏழு வருஷத்தில் அவ்வளவு நிம்மதியாக நான் பஸ்ஸில் உட்கார்ந்ததில்லை. நல்ல காரியம் செய்யப்போகிறவனுக்கு ஜன்னலோரம்கூடத் தானாகக் கிடைக்கிறது.

முந்தாநாள், சனிக்கிழமை, அக்கா புழக்கடையில் துணி காயப்போடச் செருப்பில்லாமல் போய் உள்ளங்காலில் முள் ஏற்றிக்கொண்டாள். நான் மாடியிலிருந்து இறங்கி வரும்போது சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அது புதுசு. அடுக்களை வாசலில் நின்று பார்த்தேன். அத்தான் முக்காலியில் உட்கார்ந்து அக்காவின் காலைத் தன் மடியில் வைத்திருந்தார். கையில் இடுக்கி. "செருப்பு எதுக்குடி வாங்கித் தந்தேன், பூஜை பண்ணவா?" என்று அவளை வைதுகொண்டே முள்ளின் முனையைத் தேடிக்கொண்டிருந்தார். "பையப் பாத்து எடுங்க, பல்லுன்னு நெனச்சுப் பிடுங்கிராதீங்க" என்று அவள் சிரித்தாள். மறுபடி அவர் ஏதோ சொன்னார். வெயில் அந்த விரல்கள் மேல் விழுந்தது. இடுக்கி தோலைக் கொஞ்சம் விலக்கி, முள்ளின் நுனியை நேராகப் பிடித்தது. ஒரு தூசு அசைவு இல்லை.

அவர்கள் இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை. நான் மட்டும்தான் பார்த்தேன். என் சட்டைப்பையில் உங்கள் தாள் இருந்தது. ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் இருக்கும். நான் வந்ததே அவர்களுக்குத் தெரியாது. என்னை யாரும் தேடவும் இல்லை.

"அத்தான்" என்றேன். குரலை உயர்த்தவில்லை. "பாத்து. கை நடுங்குது."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்புறம் கையைப் பார்த்தார். இடுக்கி அக்காவின் காலில் தந்தி அடிப்பதுபோல் அடிக்க ஆரம்பித்தது. அவர் அதைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து கூடத்துக்குப் போனார்.

முள்ளை நான் எடுத்தேன். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அக்கா காலைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "நீ மட்டும் இல்லேன்னா எங்க கதி என்னடே தாணு" என்றாள்.

அன்றிலிருந்து நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், டாக்டர். இந்தத் தாளை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, இந்த நிலைமையில் அவர்களை எப்படித் தனியாக விடுவது என்று.